சிட்சை: தரங்கம்பாடிச் சிறையும் எங்கள் வீடுகளும்

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12ம் அதிகாரத்தில் சிட்சை என்ற சொல் பலமுறை வருகிறது. எங்களில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரம்புதான் நினைவுக்கு வரும். ஆனால் மூலமொழியாகிய கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது பைதேயா என்ற சொல். பிள்ளையை வளர்த்தெடுப்பது, பழக்குவது, படிப்பிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழில் நாம் சொல்லும் சிட்சையும் கல்வி என்று பொருள்படும் வடசொல்லில் இருந்து வந்ததே. தண்டனை அதில் ஒரு பகுதி மட்டும்தான்.

அந்த நிருபத்தை முதலில் வாசித்தவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 10ம் அதிகாரத்தைப் பார்த்தால், அவர்கள் உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள், சிறைப்பட்டவர்களின் துன்பத்தில் பங்கெடுத்தவர்கள் என்று தெரிகிறது. வீடும் காணியும் போன எங்களுக்கு அவர்கள் அந்நியர் அல்லர். அவர்களிடம் நிருபம் துன்பம் இனிமையானது என்று பொய் சொல்லவில்லை. அது அந்நேரத்தில் துக்கமானதுதான் என்று ஒப்புக்கொண்டு, அதில் பழகியவர்களுக்கே பின்னர் பலன் உண்டு என்கிறது. இந்தப் பழகுதலைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கஷ்டப்பட்டால் விசுவாசம் தானாக வளரும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்படித் தானாக வளர்வதில்லை என்பதற்கு டென்மார்க்கையும் தமிழையும் இணைத்த ஒருவரின் வாழ்க்கையே சாட்சி. பர்த்தலோமேயு சீகன்பால்க் ஜேர்மனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் 1682ல் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர், உடல்நலமும் குறைந்தவர். டென்மார்க் மன்னர் 4ம் பிரெடெரிக் அவரையும் ஹைன்ரிக் புளூட்சோ என்பவரையும் தெரிந்தெடுத்து, கொப்பன்கேகனில் குருப்பட்டம் கொடுத்து அனுப்பினார். 1706 யூலை 9ம் திகதி அவர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அது அன்று டென்மார்க்கின் குடியேற்றம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இறங்கிய இடத்தில் வரவேற்பு இருக்கவில்லை. மன்னரின் கடிதம் கையில் இருந்தும், கோட்டைத் தளபதி ஹாசியுஸ் அவர்களைத் தொல்லையாகவே பார்த்தார். மதப்பிரசாரம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்பது கம்பனியின் பயம். மொழி தெரியாது, உதவியும் இல்லை. சீகன்பால்க் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிற்பாடு தன் நாளை எப்படிப் பிரித்தார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை 7 மணியிலிருந்து 8 வரை, முன்பு படித்த சொற்களைத் திருப்பிப் படிப்பது. 8 மணியிலிருந்து 12 வரை, ஒரு வயோதிபப் புலவரையும் ஓர் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களை வாசிப்பது. பிற்பகலில் மறுபடியும் வாசிப்பு. கண் களைத்த இரவில், வேறொருவர் வாசிக்கக் கேட்பது.

முகாமில் இருந்துகொண்டு டேனிஷ் படித்தவர்களுக்கு இந்த அட்டவணையின் பாரம் விளங்கும். அதே அர்த்தம் தெரியாத சொற்கள், அதே வெட்கம், தன்னில் பாதி வயதுள்ள பிள்ளை திருத்தும்போது வருகிற அதே சிரிப்பு.

1708 ஒக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதம்தான் சென்றது. நவம்பரில் ஹாசியுஸ் அவரைக் கைது செய்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். கடன் விவகாரமொன்றில் ஓர் ஏழை விதவைக்காக அவர் பேசியதுதான் பிரச்சினையின் ஆரம்பம். நான்கு மாதம் சிறை. மொழிபெயர்ப்பு நின்றது. சிறையில் இருந்தபடி, கிறிஸ்தவ வாழ்க்கை பற்றியும் ஊழியப்பணி பற்றியும் ஜேர்மன் மொழியில் எழுதினார். 1709 மார்ச்சில் வெளியே வந்ததும் விட்ட வேலையைத் தொடர்ந்தார். 1711ல் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சாகியது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் கடதாசி போதவில்லை. சீஸ் பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள்!

சிறை அவரைப் பெரியவராக்கியது என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி வாசிக்கவில்லை. சிறைக்குப் போகும்போதே இரண்டு வருடத்து ஒழுங்கு அவருக்குள் இருந்தது. பூட்டிய அறைக்குள்ளும் அது அவரைத் தாங்கியது. அதே கடல்பயணம், அதே வெயில், அதே காய்ச்சல் ஹாசியுசுக்கும் கோட்டைச் சிப்பாய்களுக்கும் இருந்தன. எல்லோரும் ஒரே மாதிரி மாறவில்லையே.

இதைவிட அவரை வருத்தியது பகைவரின் சிறை அல்ல, சொந்தக்காரரின் பேனா. கொப்பன்கேகனில் மிஷன் சபைக்குச் செயலாளராக இருந்த கிறிஸ்டியான் வென்ட், அப்போஸ்தலரைப்போல ஒன்றுமில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும், கட்டடங்களும் செலவுகளும் எதற்கு என்ற எண்ணம் கொண்டவர். அங்கிருந்து வந்த கடுமையான கண்டனங்கள் சீகன்பால்க்கின் கடைசி நாட்களைக் கசப்பாக்கின. 1719 பெப்ரவரி 23ம் திகதி, 36 வயதில் அவர் இறந்தார். தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கொப்பன்கேகனில் இருந்துகொண்டு இன்னொருவருக்கு வறுமையை ஆவிக்குரிய மருந்தாக எழுதிக் கொடுத்ததை எந்த வேதவசனத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

எங்களுக்கும் டென்மார்க்கில் ஒரு மேசையிலிருந்து துன்பம் எழுதப்பட்டது. 1987ல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கவனிக்காமல் நிறுத்திவைக்கச் செய்தார். சட்டப்படி வரவேண்டிய மனைவிமாரும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் காத்திருந்தார்கள். 1989 வரை அது நீடித்தது. 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்ததும் பிரதமர் போல் சுளூட்டர் பதவி விலகினார். 1995ல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அதிலும் நான்கு மாதம்தான், ஆனால் ஒரு நாளும் உள்ளே இருக்கவில்லை.

அந்தக் காத்திருப்பைக் கடவுளின் சிட்சை என்று சிலர் ஆறுதலுக்காகச் சொல்வதுண்டு. நான் சொல்லமாட்டேன். அது ஓர் அமைச்சரின் குற்றம். நீதிமன்றமே அப்படிச் சொன்ன பிறகு நாம் ஏன் அந்தப் பழியைக் கடவுள்மேல் போடவேண்டும்? ஆனால் அந்த நாட்களில் வேலை முடிந்து வந்து டேனிஷ் படித்தவர்களும், நாலுபேர் சேர்ந்து ஓர் அறையில் ஜெபித்தவர்களும், யாருக்காவது கடிதம் வந்தால் எல்லோருமாகச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் அவர்களுடையது. அதில் வளர்ந்த விசுவாசமும் அவர்களுடையது.

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் "நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும்போது நாமும் கொஞ்சம் வென்ட்டைப்போல ஆகிவிடுகிறோம். நாம் பட்டதை அவர்களும் படாவிட்டால் பக்தி வராது என்ற பயம் அதற்குள் இருக்கிறது. சில வீடுகளில் அந்தப் பயம் கையை ஓங்க வைத்தது. நீதிமொழிகளைக் காட்டி நியாயம் சொன்னவர்களும் இருந்தார்கள். டென்மார்க் 1967ல் பாடசாலைகளில் அடிப்பதை நிறுத்தியது. 1997ல் பெற்றோருக்கும் அந்த உரிமை இல்லாமல் போனது. இது எங்கள் பண்பாட்டுக்கு எதிரான சட்டம் என்று குறைப்பட்டவர்களை நான் அறிவேன். பைதேயா என்ற சொல்லுக்கு எதிராக அதில் ஒன்றுமில்லை.

பிள்ளைக்குப் பிரம்பு தேவையில்லை, நேர அட்டவணை தேவை. அதைவிட, அந்த அட்டவணைப்படி தானும் நடக்கிற தகப்பனோ தாயோ தேவை. இரவு வேலை முடிந்து வந்த அம்மா, தேநீர் ஆறுமுன்னே வேதாகமத்தில் ஒரு அதிகாரத்தை வாய்க்குள் வாசிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதை டேனிஷில் வாசித்தாலும் பரவாயில்லை.