பத்தாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே பாடம்: எதை வாங்குவது, எதை விடுவது?

ஜூன் நெருங்கிவிட்டது. “பிள்ளையை இந்த வருஷம் வீட்டிலேயே வைத்துச் சொல்லித்தரலாம் என்று இருக்கிறோம், என்ன வாங்குவது?” என்று கேட்டு வரும் கடிதங்களும் குவிந்துவிட்டன. சிலர் கடையில் விற்கும் வீட்டுப்பாடப் பெட்டியின் விலைப்பட்டியலையே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “31-ம் தேதியோடு சலுகை முடிகிறது, உடனே சொல்லுங்கள்” என்ற அவசரம் பல கடிதங்களில் தெரிகிறது. அந்தத் தேதியை வைத்தது விற்பவர்கள். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்வி உரிமைச் சட்டம் பேசுவது 6 வயது முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 11-வது பிரிவில் ஒரே வரிதான்: அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்ய“லாம்”. பெற்றோர் மேல் எந்தக் கட்டாயமும் இல்லை. எனவே யு.கே.ஜி. படிக்காததால் ஒன்றாம் வகுப்பில் இடமில்லை என்று ஒரு பள்ளி சொன்னால், 13-வது பிரிவை எடுத்துக் காட்டுங்கள். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பது குற்றம். முதல் முறை ரூ.25,000 வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் ரூ.50,000 வரை. தாளில் இருக்கும் இந்தச் சட்டம் பள்ளி வாசலில் எவ்வளவு செல்லுபடியாகிறது என்பது பெற்றோர் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பயம், அந்தப் பயத்தால்தான் இந்தப் பெட்டிகளின் வியாபாரம்.

வயதுக் குழப்பத்தையும் முடித்துவிடலாம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 கல்வியாண்டு முதல் 6 வயது. எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, உங்கள் கையில் ஓராண்டு கூடும் அல்லது குறையும்.

பெட்டி மேல் போட்டிருக்கும் பெயர்களுக்கு என்ன பொருள்?

“மாண்டிசோரி”: இந்தப் பெயர் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. இது பொதுப்பெயர்தான் என்று 1967-லேயே அமெரிக்காவில் தீர்ப்பாகிவிட்டது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் வடிவமைத்த பொருள்களில், குழந்தை தப்பாக வைத்தால் அந்தப் பொருளே காட்டிக்கொடுத்துவிடும். உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. பெரியவர் வாய் திறக்க வேண்டியதில்லை. பெட்டியில் இருப்பது அப்படி இல்லாமல் வெறும் வண்ண மரப் பொம்மை என்றால், பெயருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

“தேசியக் கல்விக் கொள்கைக்கு ஏற்றது”: 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகச் சொல்லித்தாருங்கள் என்பதுதான் அந்தக் கொள்கையின் அடிப்படைநிலைப் பகுதியின் சாரம். அதற்கு ஏற்றதல்லாத பொம்மை எது? ஒன்றிய அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஜாதுயி பிடாரா’ பெட்டியில் பொம்மலாட்டப் பாவைகள், புதிர்கள், அட்டைகள், கதைப் புத்தகங்கள் எல்லாம் உண்டு. யோசனைகளுக்கு அதைப் பார்க்கலாம். ஒரு தனியார் பெட்டி அந்தக் கொள்கையின் பெயரைச் சொல்வதாலேயே அதற்கு அரசு ஒப்புதல் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

“எண்ணும் எழுத்தும் முறை”: 2022-ல் தமிழக அரசு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துச் சொல்லித்தருவது. 2025-க்குள் 8 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. இலக்கை விளைவாக அச்சடிக்கும் தனியார் பெட்டிகளை நம்ப வேண்டாம். எண்ணும் எழுத்தும் பள்ளி ஆசிரியருக்கான முறை, நாலு வயதுக் குழந்தைக்கானதும் அல்ல.

“மூளையின் இரு பக்கத்தையும் வளர்க்கும்”: கடந்து போங்கள்.

தமிழ் எழுத்துப் பெட்டியை எப்படிச் சோதிப்பது?

இந்தக் கட்டுரையில் இடம் அதிகம் பிடிக்கப்போவது இந்தக் கேள்விதான். பொம்மை, புதிர், வண்ணப் பென்சில் எதை வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. எழுத்து சொல்லித்தரும் புத்தகம் தப்பாக அமைந்தால் ஓராண்டு வீணாகும்.

கடையில் கிடைக்கும் எழுத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. முதலில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு பக்கம், பிறகு ஆய்தம், பிறகு க் முதல் ன் வரை, கடைசியில் 216 கட்டம் போட்ட அட்டவணை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம். அ அணில், ஆ ஆடு. இது இலக்கணத்தின் வரிசை. இலக்கணம் அடுக்கிவைக்கும் வரிசையும் குழந்தை படிக்கக் கற்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எண்ணிப் பாருங்கள். உயிரெழுத்து பன்னிரண்டையும் ஒரு குழந்தை தண்ணீர்பட்ட பாடாகக் கற்றுவிட்டது என்று வையுங்கள். அதனால் எத்தனை சொல் படிக்க முடியும்? ஆ, ஈ போல ஓரெழுத்துச் சொற்கள் சில. அவ்வளவுதான். தமிழில் உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே தனியாக வரும். நடுவில் வந்தால் மெய்யோடு ஒட்டிக் குறியாகிவிடும். “அணில்” என்ற சொல்லில் அ மட்டும்தான் குழந்தைக்குத் தெரியும், ணி தெரியாது, ல் தெரியாது. அது படிப்பது படத்தை. படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

படத்தோடு எழுத்தை ஒட்டும் இந்த ஏற்பாடு ஏ ஃபார் ஆப்பிளிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் சொல்லின் முதலில் வரும். தமிழில் ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் சொல்லே தொடங்காது. அதனால் அட்டை அச்சடிப்பவர்கள் சத்தமில்லாமல் விதியை மாற்றிக்கொள்கிறார்கள். ழ என்று போட்டு மாம்பழம் வரைகிறார்கள். இதுவரை படத்தின் முதல் ஓசையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை அங்கே “மா” என்கிறது. குழந்தை சொன்னது சரி. அட்டைதான் சொன்ன சொல் மாறிவிட்டது.

மாற்று என்ன? வடிவத்தில் எளிமையான, சொல்லில் அடிக்கடி வரும் சில எழுத்துகளில் தொடங்குவது. ட-வுக்கு வலப்பக்கம் ஒரு சுவர் எழுப்பினால் ப. அதை ஒரு சுழி சுழித்தால் ம. இந்த மூன்றோடு மெய்யின் மேல் வைக்கும் புள்ளி. இதோ: படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட. மூன்றே எழுத்தில் குழந்தை சொந்தமாகச் சொல் படிக்கிறது. க, ல இரண்டையும் சேருங்கள்: கல், பல், கடல், பகல், பக்கம், கட்டம், கடகட, கலகல. இப்போது ஒரே ஒரு குறி, துணைக்கால்: கால், பால், பாலம், காகம், பாடல், மாமா, பாப்பா, டமால்! ஐந்து எழுத்து, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால். இருபதுக்கு மேல் சொல்.

இதில் உள்ள கணக்குத்தான் அழகு. புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஓர் எழுத்து கூடும். புதிதாக ஒரு குறியைச் சேர்த்தால், அதுவரை தெரிந்த அத்தனை எழுத்தும் ஒரே நாளில் இன்னொரு வடிவம் எடுக்கும். கூட்டல் நின்று பெருக்கல் தொடங்கும் இடம் அது. உயிர்மெய் 216 என்று மிரட்டும் அட்டவணை உண்மையில் 18 எழுத்தும் ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் அதிகமான குறிகளும்தான். முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசை. கு, டு, மு, து எல்லாம் ஒரே விதம் அல்ல. அந்த 36-ஐ மட்டும் கூட்டம் கூட்டமாகத் தனியே பழக்க வேண்டும். மிச்சத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1990-களில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெரியவர்களுக்கு அ, ஆ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லில் தொடங்கியது.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை: பத்தாம் பக்கத்தைத் திறங்கள். அதில் உள்ள ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு குறியும் முந்தைய ஒன்பது பக்கங்களில் சொல்லித்தரப்பட்டதா என்று திருப்பிப் பாருங்கள். ஆம் என்றால் அந்தப் புத்தகத்தை யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். இல்லை என்றால் அது படம் பார்க்கும் புத்தகம், அந்த விலைக்கு வாங்கினால் போதும்.

இரண்டாவது சோதனை ‘கெ’ பக்கம். ‘தமிழ் போனிக்ஸ்’ என்று விற்கப்படும் பெட்டிகளில் பல இங்கேதான் சறுக்குகின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஓசையாகச் சேர்த்துப் படி என்பது ஆங்கில போனிக்ஸின் அடிப்படை. தமிழில் கை, பெ, தே ஆகியவற்றில் கண் முதலில் பார்ப்பது உயிர்க்குறியை, நாக்கு முதலில் சொல்வது மெய்யை. கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும் காவல் நிற்கும். இதைப் பெட்டி எப்படிக் கையாள்கிறது? குறியையும் எழுத்தையும் ஒரே அட்டையில் பிரியாமல் சேர்த்து அச்சடித்திருந்தால் நல்லது. தனித்தனி அட்டையாகக் கொடுத்து “வரிசையாகச் சேர்” என்றால், அது ஆங்கிலப் பெட்டிக்குத் தமிழ் உறை. ‘ட’வுக்கு ஒரே ஓசைதான் என்று அடித்துச் சொல்லும் பெட்டியும் அதே ரகம். பட்டத்தில் வன்மையாகவும் படத்தில் மென்மையாகவும் ஒலிப்பது தமிழ் பேசும் குழந்தைக்குத் தானாகவே வரும். விதி சொல்லிக் குழப்ப வேண்டாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. ர-வும் துணைக்காலும் பல அச்சுகளில் இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் ஒரே வாரத்தில் அறிமுகம் செய்யும் புத்தகத்தை நீங்களே வரிசை மாற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

கதைப் புத்தகங்களில் ‘நிலை 1’ என்றால்?

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாராளமாக எடுங்கள். அங்கே முதல் நிலை என்பது எளிய சொற்கள், 250 சொல்லுக்குள் கதை. ஆனால் தமிழில் “ஓடிக்கொண்டிருந்தான்” என்பதும் ஒரு சொல்தான். சொல் எண்ணிக்கையை நம்பாமல் நீளத்தைப் பாருங்கள். நிலை எதுவானாலும் நீங்கள் வாசித்துக் காட்டலாம். குழந்தையே வாசிப்பதற்கு மட்டும்தான் மேலே சொன்ன சோதனை.

தாத்தா வைத்திருக்கும் பழைய பாடநூல் உதவுமா?

கதைக்கு உதவும். எழுத்துக்கு உதவாது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றால் ணா, லை, னை உட்பட 13 எழுத்து வேறு வடிவத்தில் இருக்கும்.

அரசிடம் இலவசமாக எதுவும் உண்டா?

அங்கன்வாடிகளுக்கான ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம். பக்கத்து அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுப் புரட்டிப் பாருங்கள். வயதுவாரியாகச் செயல்பாடுகள் இருக்கின்றன.

கணக்குக்கு?

புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழிப் பலகை. 1 முதல் 100 வரை ஒப்பிக்கத் தெரிவதைவிட, ஏழு கொட்டையைத் தப்பில்லாமல் எண்ணி எடுப்பது பெரிய காரியம்.

ஒர்க்‌ஷீட்?

விரலுக்குப் பலம் வரும் முன் வேண்டாம். அதுவரை மாவு பிசையட்டும், பூ கட்டட்டும், மணலில் எழுதட்டும்.

ஆங்கிலம்?

காதில் விழட்டும். அதன் எழுத்தை, தமிழ் வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு பார்க்கலாம்.

செயலிகள்?

இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கற்பிக்கும் திரை, கற்பிக்காத திரை என்று அது சலுகை தரவில்லை.

பொம்மை பாதுகாப்பானதா?

2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லையென்றால் வாங்காதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் இன்னொரு பிள்ளை இருந்தால், வாயில் போகும் அளவுள்ள எதுவும் வேண்டாம்.

ஆறு வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே தொடரலாமா?

பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது சட்டத்தின் 10-வது பிரிவு, மீறினால் என்ன என்று சொல்லவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியின் (என்.ஐ.ஓ.எஸ்.) அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ‘ஏ’ நிலை மூன்றாம் வகுப்புக்குச் சமம். அந்தச் சான்றிதழைப் பின்னர் ஏற்கும் பள்ளி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

முதல் மாதம் ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ், நூலகத்திலிருந்து நாலு கதைப் புத்தகம். மீதிப் பணம் அப்படியே இருக்கட்டும். குழந்தைக்கு எதில் கை ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு வாங்குங்கள்.