பாரதியும் கருத்துப்படமும்

எழுத்தறிந்தோர் சிலராகவே இருந்த காலத்தில், நாட்டின் அரசியலை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எவ்வாறு? இவ்வினாவிற்குப் பாரதியார் கண்ட விடைகளுள் ஒன்று கருத்துப்படம். 1906ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழின்வழி, தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்தை அறிமுகப்படுத்திய முன்னோடி அவர்.

கருத்தைப் பாரதியார் வகுத்தளிக்க, ஓவியர் அதற்குக் கோட்டுருவம் தந்தார். முகப்பில் அமைந்த படத்துடன் அதன் பொருளை விளக்கும் குறிப்பும் இடம்பெற்றது. ஒருவர் குறிப்பை உரக்கப் படித்தால், எழுத்தறியாதவரும் படத்தை நோக்கிப் பொருளுணர இயலும்.

அயலாட்சியைச் சாடிய இவ்விதழ் அடக்குமுறைக்கு உள்ளானது. 1908இல் பாரதியார், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. தன் ஆட்சிப்பகுதிக்குள் அது நுழைய ஆங்கில அரசு தடைவிதித்தமையால், 1910இல் நின்றுபோனது. கருத்துப்படங்களுக்கெனவே 'சித்திராவளி' என்னும் இதழை நடத்த அவர் விழைந்தார், அவ்விழைவு கைகூடவில்லை. ஆயினும், அவர் தொடங்கிவைத்த மரபு இன்றைய நாளிதழ்களில் தொடர்கிறது.