பன்னிரண்டு பேருக்கு வெளியே

மும்பைப் பள்ளிகளின் கூடைப்பந்து சீசன் கோப்பையைக் குறிவைத்து நடக்கிறது. ஆட்டம் வளர்வது வேறு இடத்தில்

முப்பத்திரண்டு பள்ளிகள் மோதும் ஒரு நாக்-அவுட் போட்டி. முதல் சுற்று முடிந்ததும் 16 அணிகள் மூட்டை கட்டிவிடும். ஜூன் மாதத்திலிருந்து விடியற்காலையில் எழுந்து, டிபன் டப்பாவும் ஷூவுமாக லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து பயிற்சி செய்த பையனுக்கு அந்த ஒரே ஆட்டம்தான் சீசன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதுவும் இல்லை.

அதே பள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு ஹவுஸ்கள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆடினால் மொத்தம் ஆறு ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் மூன்று. ஆக, பள்ளி அணியில் இடம் கிடைக்காமல் ஹவுஸ் அணியில் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவன், பனியனில் பள்ளியின் பெயரைச் சுமப்பவனைவிட அதிகம் ஆடிவிடலாம். இந்த விசித்திரக் கணக்கைத் தலைமை ஆசிரியர்கள் கண்டுகொள்வதில்லை. ஆண்டு விழாவில் மேடை ஏறுவது கோப்பைதானே?

மும்பையில் பள்ளி விளையாட்டுக்குப் பாரம்பரியம் உண்டு. பள்ளிகள் விளையாட்டுச் சங்கம் 1893ல் பிறந்தது. 1988ல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் குவித்தார்களே, அந்த ஹாரிஸ் கேடயம் இதன் போட்டிதான். கிரிக்கெட்டுக்கு முன்னால் கூடைப்பந்து ஏழை உறவினர். இருந்தாலும் அதற்கும் ஓர் ஏணி இருக்கிறது. மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறினால் உச்சியில் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகள் - 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோருக்கு. இந்த ஏணிக்கு மதிப்பு உண்டு. மேல் படிகளை எட்டியவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் போர்டு பரீட்சையில் கூடுதல் மதிப்பெண். பின்னாளில் திறமை இருந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. பெற்றோர் சான்றிதழைத் தேடி அலைவதில் தப்பில்லை.

தகராறு எங்கே என்றால், அணியில் இடம் 12 பேருக்குத்தான். களத்தில் நிற்பது ஐந்தே பேர். பள்ளியில் இருப்பதோ ஒரே மைதானம், இரண்டு கூடைகள். போதாததற்கு, சீசன் தொடங்கும் நேரத்தில் மழையும் தொடங்கிவிடுகிறது. திறந்தவெளி சிமெண்ட் தளத்தில் தண்ணீர் தேங்கினால் துடைப்பமும் கோணிச் சாக்குமாக இறங்க வேண்டியதுதான். காய்ந்து கிடைக்கும் அரை மணி நேரம் அணிக்கே போகும். மற்றவர்கள் கம்பி வேலிக்கு வெளியே.

அந்தப் பன்னிரண்டு பேர் யார்? பெரும்பாலும் உயரமானவர்கள். பஞ்சாப் கிராமத்து விவசாயியின் மகன், ஏழு அடி தாண்டிய சத்னாம் சிங் பமாரா, 2015ல் டல்லஸ் மேவரிக்ஸ் அணிக்குத் தேர்வாகி என்.பி.ஏ. டிராஃப்டில் இடம் பிடித்த முதல் இந்தியர் ஆனார். இந்த ஆட்டத்தில் உயரத்துக்கு உள்ள மவுசை மறுக்க முடியாது. ஆனால் 12 வயதில் உயரத்தைப் பார்த்து ஆளை எடுப்பது சூதாட்டம். சிலர் சீக்கிரம் வளர்ந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். சிலர் பதினாறில்தான் எழும்புவார்கள். வயது வரம்பின் தேதியை ஒட்டிப் பிறந்தவன், பதினோரு மாதம் கழித்துப் பிறந்தவனோடு ஒரே பிரிவில் நிற்கிறான். தள்ளிவிடப்பட்ட குள்ளப் பையன் பதினாறு வயதில் ஆறடியாக நிமிரும்போது, அவன் கையில் பந்து பட்டு நாலு வருஷம் ஆகியிருக்கும்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே வேறு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் அடங்காத ஒரு வகுப்பைச் சமாளிக்க ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக் கூடைகளை மாட்டினார். வகுப்பில் இருந்தது 18 பேர். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து அத்தனை பேரையும் ஆடவிட்டார். ஐந்து பேர் என்ற வழக்கம் பின்னால் வந்தது. உடற்பயிற்சி வகுப்புக்காகப் பிறந்த இந்த ஆட்டத்தை இந்தியாவில் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு. 1920ல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் அதனுடையதே.

மும்பைக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. நெரிசல் மிகுந்த நாக்பாடாவில் 1920களில் அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபர்ட் மான்ஷார்ட் ஒரு சமூக நல இல்லம் தொடங்கினார். இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம் 1936ல் முளைத்தது இங்கேதான். இந்தப் பேட்டையில்தான் கூடைப்பந்து வேர்விட்டது. இந்திய அணியின் தலைவராக இருந்து 1970ல் அர்ஜுனா விருது வாங்கிய அப்பாஸ் முந்தாசிர் நாக்பாடாக்காரர். பேட்டை மைதானத்தில் தேர்வுப் பட்டியல் கிடையாது. ஜெயித்தவன் உள்ளே, தோற்றவன் வெளியே, அடுத்த முறைக்குக் காத்திரு - அவ்வளவுதான் சட்டம். பெரியவர்களோடு முட்டி மோதித்தான் சிறுவன் கற்றுக்கொள்கிறான்.

பள்ளிகளால் இதைச் செய்ய முடியாதா? இடமில்லை என்ற சாக்கு எடுபடாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் (2021ல்) நுழைந்த 3x3 ஆட்டத்துக்கு அரை மைதானமும் ஒரு கூடையும் போதும். அணிக்கு மாற்று ஆளையும் சேர்த்து நான்கு பேர், ஆட்டம் பத்து நிமிடம். இறங்கவும் ஏறவும் ஐந்து நிமிடம் விட்டால்கூட, இரண்டு கூடைகளில் ஒரு மணி நேரத்தில் எட்டு ஆட்டங்கள். 64 பேர் ஆடிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் அணிப் பயிற்சியை நிறுத்தினால் போதும்.

பிப்ரவரி, மார்ச்சில் போர்டு பரீட்சை வந்ததும் பெரிய பையன்கள் காணாமல் போகிறார்கள். மைதானம் ஆறாம் வகுப்புக்குக் கிடைக்கிறது. பத்தடி உயரக் கூடையை அண்ணாந்து பார்த்து, ஏழாம் நம்பர் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து இரண்டு கைகளாலும் வீசுகிறார்கள். பந்து வளையத்தைத் தொடுவதேயில்லை. சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் கூடை எட்டரை அடி உயரத்தில் இருக்கும். பந்து ஐந்தாம் நம்பர். பி.டி. அறையில் அந்தப் பந்து இருந்தாலும், அலமாரிச் சாவி மாஸ்டரிடம். மாஸ்டர் பரீட்சை ஹாலில்.