கம்பி வராத வீடு – 9: பட்டினி கிடந்த பேட்டரிகள்

முதல் ஜோடி ஆறு வருஷம் உழைத்தது. அடுத்து வாங்கிய நான்கும் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதே மலை, அதே வெயில், அதே கம்பெனி. கையாண்டதும் அதே ஆள்தான், அதாவது நான்.

சிறுமலைத் தோட்டத்து வீட்டுக்கு ஈ.பி. லைன் வராத கதையை முதல் வாரமே சொல்லிவிட்டேன். கூரையில் 335 வாட் பேனல் இரண்டு. உள்ளே 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி இரண்டு, தொடராகக் கோத்து 24 வோல்ட். கொள்ளளவு 3.6 யூனிட். அதில் பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருந்தோம்: லைட், இரண்டு ஃபேன், டிவி, அவ்வளவுதான்.

ஆறாம் வருஷம் அவை தளர்ந்தபோது வீட்டில் ஒரு சின்ன ஃபிரிட்ஜும் சேர்ந்திருந்தது. திண்டுக்கல்லில் கடைக்காரர் சொன்னார்: “ரெண்டுக்கு நாலா போட்டுருங்க சார். பேட்டரிக்கு வேலை கம்மி, பத்து வருஷம் அசையாது.” நியாயமாகத்தான் பட்டது. கம்பெனி அட்டவணையும் ஒத்துப் பாடியது. 80 சதவீதம் காலி செய்தால் 1,500 முறை, 50 சதவீதத்தோடு நிறுத்தினால் 3,000 முறை. நாளுக்கு ஒரு முறை என்றால் எட்டு வருஷம். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: வெப்பம் 27 டிகிரி, ஒவ்வொரு முறையும் முழு சார்ஜ். அவற்றைப் படித்தது பேட்டரி செத்த பிறகு.

1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய அதே சங்கதிதான் இன்றும் இந்தப் பெட்டிக்குள் நடக்கிறது. மின்சாரம் எடுக்க எடுக்க, ஆசிட்டில் இருக்கும் சல்பேட் இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேட்டாகப் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து ஆசிட்டுக்கே திரும்புகிறது. ஆனால் உடனே ஏற்ற வேண்டும். புதிதாகப் படிந்த சல்பேட் பொடிப்பொடியாக இருக்கும், எளிதில் கரையும். நாள்கணக்கில் விட்டால் பொடிகள் ஒன்றுகூடிப் பெரிய படிகங்களாக இறுகிவிடும். அப்புறம் எந்த சார்ஜுக்கும் மசியாது. தகட்டில் அந்த இடம் போனது போனதுதான்.

இதில் இன்னொரு சிக்கல். 80 சதவீதம் வரை பேட்டரி மளமளவென்று குடிக்கும். மிச்சம் இருபதுக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும், எவ்வளவு பெரிய பேனல் வைத்தாலும். ஆகவே மதியத்துக்குள் எண்பதைத் தொட்டால்தான் வெயில் இறங்குவதற்குள் நூறு பார்க்கலாம். அதற்கு ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கணக்கு. 150-க்கு 15 ஆம்பியர். எங்கள் பேனல்கள் நல்ல வெயிலில் 18, 20 தரும். முதல் ஜோடிக்கு அது தாராளம். நான்கு பேட்டரி போட்டதும் அது 300 ஆம்பியர்-மணி; தேவை 30. வருவதோ அதே 18. அதிலும் ஃபிரிட்ஜ் பகலிலேயே பங்கு கேட்டது. சட்டியைப் பெரிதாக்கினேன், அரிசியைக் கூட்டவில்லை. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் அந்த நான்கும் ஏழெட்டு வாரம் அரை வயிற்றோடு கிடந்தன.

வெளியே ஒன்றும் தெரியாது. மூடியில் உள்ள மிதவை பச்சை காட்டிக்கொண்டே இருந்தது. பச்சை என்றால் சார்ஜ் நிறைய இருக்கிறது என்று நம்புகிற பலரில் நானும் ஒருவன். அது சொல்வது தண்ணீர் மட்டத்தை மட்டும்தான். தை மாதம் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கி வந்து, இருபத்து நான்கு செல்லையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினால் கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எழும்ப வேண்டும். 1.240 நிற்க வேண்டிய இடத்தில் 1.190, 1.185. ஒரு செல்லில் 1.150, மிதவை எழுந்திருக்கவே சோம்பியது. நோட்டில் எழுதிக்கொண்டே வந்ததில் சட்டையில் இரண்டு ஓட்டை விழுந்தது தனிக் கதை.

வந்து பார்த்த மெக்கானிக், “ஆசிட்டு வீக்கா இருக்கு சார், புதுசு ஊத்துனா நின்னுரும்” என்றார். ஊற்றினோம். மிதவை எழும்பியது, நானும் மகிழ்ந்தேன். உண்மையில் பழைய ஆசிட் எங்கும் போகவில்லை. சல்பேட்டாகத் தகட்டில் பூட்டிக் கிடந்தது. மேலே புதிதாக ஊற்றியது மீட்டரைத்தான் குணப்படுத்தியது. அடுத்த சித்திரையில் ராத்திரி ஒன்பது மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆசிட் கூடவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பொதுக் கணக்கு. மலையில் எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. கீழே சமவெளியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் பேட்டரி வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சூடு குறைந்த நிழலுக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்.

இப்போது மறுபடி இரண்டே பேட்டரி. மிச்சக் காசில் பேனலை நான்காக்கினேன். அடைமழைக் காலத்தில் மட்டும் சின்ன ஜெனரேட்டர், அதுவும் காலை ஏழு முதல் ஒன்பது வரை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. “விடியுற நேரத்துல எதுக்குண்ணே ஜெனரேட்டரு? லைட்டு மங்குறப்பல்ல போடணும்?” இரவில் ஓட்டினால் அந்த இழுபறி இருபது சதவீதத்துக்கும் பெட்ரோல்தான் எரிய வேண்டும். காலையில் வேகமாகக் குடிக்கிற பங்கை ஜெனரேட்டர் ஊட்டிவிட்டால், மிச்சத்துக்கு மேகத்தினூடே கசிகிற ஐந்தாறு ஆம்பியரே போதும். சொன்னேன், நம்பவில்லை. மூன்று மணிக்கு அவரைப் பேட்டரி அறைக்குக் கூட்டிப்போனேன். குனிந்து மூடியருகே காதை வைத்தார். முழு சார்ஜை நெருங்கும்போது செல்லுக்குள் குமிழி விடும் சத்தம்.

“உலை கொதிக்கிற மாதிரியே கேக்குதுண்ணே” என்றார்.