மின்கலச் சிக்கனமும் முறைத் தலைமையும்

வயலின் ஈரத்தை அளந்து வானொலி அலை வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளை வாங்க எண்ணும் அங்கத்தினர்க்கு நாம் முதலில் உரைப்பது இது: கருவியின் ஆயுள் அதன் மின்கலத்தின் ஆயுளே. அளப்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஆகும் மின்சாரம் சொற்பம். செய்தி அனுப்புவதற்கே பெருஞ்செலவு. வெட்டவெளியிலேயே தூரம் இரட்டித்தால் அச்செலவு நான்கு மடங்காகும். ஆதலின் எல்லாக் கருவிகளும் நிலையத்துடன் நேரே பேசினால் கடைக்கோடியில் உள்ளவை முதலில் அணையும். ஒன்றன் வழி ஒன்றாகக் கைமாற்றினாலோ, நிலையத்தின் அருகிலிருப்பவை பிறர் சுமையைத் தாங்கியே முன்னதாக ஓயும். எவ்வாறாயினும் வயலில் ஒரு பகுதி குருடாகிவிடும். அங்கே பயிர் வாடுவதை அறிவிப்பார் இல்லை.

இதன் பொருட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹைன்ஸல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டில் ‘லீச்’ என்னும் முறையை வெளியிட்டனர். கருவிகள் சிறு குழுக்களாகப் பிரிகின்றன. தலைமைக் கருவி மற்றவற்றின் அளவுகளைத் திரட்டிச் சுருக்கி நிலையத்துக்கு அனுப்ப, ஏனையவை தம் முறை வரும்வரை வானொலியை அணைத்து உறங்குகின்றன. தலைமை சுற்றுக்குச் சுற்று மாறும். (தலைமையை விட மனமில்லாச் சங்கங்கள் நோக்குக!)

ஆயினும் அம்முறையில் தேர்வு ஏறக்குறைய சீட்டுக் குலுக்கலே. எஞ்சிய மின்சாரத்தைப் பாராமையால், மெலிந்த கருவியின் மீதும் சுமை விழக்கூடும். 2004-இல் யூனிஸ், ஃபாமி இருவரும் வகுத்த ‘ஹீட்’ முறை அந்த எஞ்சிய இருப்பையே முதற்கண் நோக்குகிறது.