சுக்கானும் தர்மசக்கரமும்: அரசின் கை எதுவரை நீளலாம்?

2019 மே 17ஆம் திகதி ஹசலக்க பிரதேசத்தில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். காரணம், அவர் உடுத்திருந்த ஆடை. அந்தத் துணியில் அச்சிடப்பட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிஸாரின் கண்ணுக்கு அது தர்மசக்கரமாகத் தெரிந்தது. சுக்கானில் வளையத்துக்கு வெளியே கைபிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கடற்கரை ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் பார்த்தவுடன் சொல்லிவிடும். ஆனால் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து நான்கு வாரமும் முடியாத அந்த நாட்களில், அந்த வித்தியாசத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. ஜூன் 3ஆம் திகதி பிணை கிடைக்கும் வரை அந்தத் தாய் விளக்கமறியலில் இருந்தார்.

இந்தச் சம்பவத்தைப் பலரும் ‘பொலிஸின் அறியாமை’ என்று பேசி முடித்துவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பேச்சுக்கு, அது உண்மையிலேயே தர்மசக்கரமாக இருந்திருந்தால் என்ன? சந்தையில் விற்ற துணியை வாங்கி உடுத்தியவரைச் சிறையில் அடைப்பது அப்போது நியாயமாகிவிடுமா? நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். ‘அது சக்கரமில்லை, சுக்கான்’ என்று மட்டுமே வாதாடினால், சக்கரமாக இருந்திருந்தால் கைது சரிதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான் பாடசாலையில் குடியுரிமைக் கல்வி கற்பிக்கிறவன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் பாடப்புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதான்: அடிப்படை உரிமைகளைப் பட்டியலாக மனனம் செய்ய வைப்பது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் வரும் உறுப்புரைகளைப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. நம்முடைய வாழ்க்கையில் வந்து விழுந்தவை எல்லாம் அந்தப் பின்பக்கத்திலிருந்துதான் வந்தன.

முதலில் 10ஆம் உறுப்புரை. சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. இதற்கு எந்தச் சட்டத்தாலும் கட்டுப்பாடு போட முடியாது. ஆனால் இது உள்ளத்தில் நம்புவதற்கான உரிமை. நம்பிக்கையை வெளியில் காட்டுவது, அதாவது வணக்கம், அனுஷ்டானம், நடைமுறை, போதனை ஆகியவை 14(1)(உ) இல் வருகின்றன. அந்த உரிமை இந்நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டுமே. அதன்மீது 15(7) இன் கீழ் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் என்ற பெயர்களில் கட்டுப்பாடு விதிக்கலாம். அந்தக் கட்டுப்பாடு ‘சட்டத்தால்’ விதிக்கப்பட வேண்டும். அங்கேதான் ஒரு கதவு திறந்திருக்கிறது: பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளும் ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். பாராளுமன்றத்தில் விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்ற வேண்டியதில்லை. ஒரு கையொப்பமும் ஒரு வர்த்தமானியும் போதும்.

முகத்திரைத் தடை அப்படித்தான் வந்தது. 2019 ஏப்ரல் 22ஆம் திகதி அவசரகால நிலை. ஒரு வாரத்தில், 29ஆம் திகதி, முகத்தை மூடத் தடை. ஓகஸ்டில் அவசரகால நிலை காலாவதியானபோது தடையும் அதோடு போனது. அந்த நான்கு மாதத்தில் முகத்தை மூடாத எத்தனையோ பெண்களும் வைத்தியசாலை வாசலிலும் கடை வாசலிலும் அபாயாவைக் கழற்றச் சொல்லப்பட்டார்கள். ஒழுங்குவிதியில் இருந்தது முகம் மட்டுமே. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளிக்கு வர்த்தமானியை வாசிக்க நேரமேது? அதே மே மாதம் 29ஆம் திகதி அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி உடுத்த வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்த பின்னர் அது கைவிடப்பட்டது. மேலே ஒரு விரல் அளவு அதிகாரம் கொடுத்தால், கீழே இறங்கி வரும்போது அது ஒரு முழம் ஆகிவிடுகிறது.

ஜனாஸா விடயம் இதைவிடக் கசப்பானது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி, தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானி, கொரோனாவால் மரணிப்பவர்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அந்தக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அனுமதிக்காமலே நிராகரித்தது. அதே மாதத்தில்தான் பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளம் பாலகனும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி இன்னொரு வர்த்தமானி வந்தது. ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஒரு வர்த்தமானியில் தொடங்கி இன்னொரு வர்த்தமானியில் முடிந்த அந்தப் பத்தரை மாதத்தில், நம்மிடையே வாக்குக் கேட்டுச் சென்றவர்களில் சிலர் அந்த அரசாங்கத்துக்கு 20ஆவது திருத்தத்தில் கை உயர்த்தியதையும் மறந்துவிட வேண்டாம். ஜனாதிபதியின் அதிகாரத்தை மேலும் பெருக்கிய திருத்தம் அது.

இப்போது நம்மவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, யாப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைக் காப்பது இந்த உறுப்புரைதான். எனவே அதில் கைவைக்காதே என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். ஆனால் 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கும், 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும் அதே 16தான் குடை பிடிக்கிறது. மணமகள் தன் திருமணப் பதிவில் கையொப்பமிடத் தேவையில்லாத ஒரு சட்டத்தைக் காக்க, ஜனாஸாவை எரிக்கப் பயன்பட்ட சட்டத்துக்கும் நாமே காவல் நிற்கிறோம். தனிமனித சுதந்திரம் என்பது அரசிடமிருந்து சமூகத்துக்கு மட்டும் கிடைப்பதல்ல; சமூகத்துக்குள் ஒரு பெண் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். 16ஆம் உறுப்புரை நீங்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஷரீஆவுக்கு உட்பட்டே அந்தப் பெண்ணின் கையொப்பத்தைப் பெற முடியும். அதற்கு உரிமைகளை மீறும் உறுப்புரையின் பாதுகாப்பு தேவையில்லை.

சின்னங்களின் பக்கம் வருவோம். நம் தேசியக் கொடியை ‘அவர்களுடைய கொடி’ என்று சலித்துக்கொள்வோர் நம்மில் உண்டு. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்று 1948 ஜனவரி 16ஆம் திகதி பிரேரணை கொண்டுவந்தவர் யார் தெரியுமா? மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. ஆம், நம்மவர். பின்னர் எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க தலைமையில் கொடிக்குழு அமைந்தபோது, அதில் டீ.பி. ஜாயாவும் இருந்தார். சிங்கத்தின் பக்கத்தில் முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழர்களுக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு கோடுகள் சேர்ந்தன. 1951 மார்ச்சில் கொடி ஏற்கப்பட்டது. குழுவிலிருந்த செனட்டர் நடேசன் மட்டும் உடன்படவில்லை. கோடுகள் சிங்கத்துக்கு வெளியே நிற்கின்றன, இது ஒற்றுமையைக் காட்டாது என்பது அவரது நிலைப்பாடு. 1972 இல் மூலைகளில் அரச மர இலைகள் வந்தன. ஆக, வானத்திலிருந்து இறங்கிய சின்னமல்ல இது. மனிதர்கள் கூடியிருந்து பேரம்பேசி, ஒருவர் முரண்பட்டு, பிறகு திருத்தியும் கொண்ட சின்னம். பேரம்பேசி உண்டானதைப் பற்றித் தொடர்ந்து பேசவும் குறை சொல்லவும் ஒரு பிரஜைக்கு உரிமை உண்டு. ஜாயாவை மதிக்கிறேன், நடேசன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2016 இல் முச்சக்கரவண்டிகளின் பின்னால் ‘சிங்ஹ லே’ ஸ்டிக்கர் ஒட்டப்பட்டபோது, அந்தப் பச்சைக் கோடு என்ன பெறுமதி என்று பலருக்கும் புரிந்தது.

தேசிய கீதமும் அப்படித்தான். ஆனந்த சமரக்கோன் இயற்றிய கீதத்துக்கு 1951 இல் அங்கீகாரம் கிடைத்தது. பத்து வருடத்துக்குள் முதல் வரி அபசகுனம் என்று அவர் சம்மதமில்லாமலே மாற்றினார்கள். மறு வருடம் அவர் தற்கொலை செய்துகொண்டார். நல்லதம்பிப் புலவரின் தமிழ் வடிவம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. 2016 சுதந்திர தினத்தில் அது பாடப்பட்டது, 2020 இல் நிறுத்தப்பட்டது. அரசியலமைப்பில் உள்ளதை மேடையில் பாட யாருடைய தயவு வேண்டும்?

அதேநேரம் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியும் ஆசிரியர்களுக்கு உண்டு. இந்தியாவில் 1985 இல் கேரளப் பாடசாலையொன்றில் ஜெஹோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பாடசாலை அவர்களை வெளியேற்றியது. அடுத்த வருடம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வெளியேற்றம் பிழை என்றது. எழுந்து நிற்பதே மரியாதை, வாய் திறந்து பாட வைப்பதற்குச் சட்டம் எதுவுமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நான் காலைக்கூட்டத்தில் மனதாரப் பாடுகிறவன். ஆனாலும் பாடாத பிள்ளையைப் பிரம்பால் தட்டிப் பாட வைத்தால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது நாட்டுப்பற்றை அல்ல, பிரம்பைத்தான்.

ஹசலக்கவில் பொலிஸார் தூக்கிக்கொண்டு வந்த சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சீ.சீ.பி.ஆர். சட்டம். சிவில், அரசியல் உரிமைகளைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றவென்று வந்தது. அதன் 3ஆம் பிரிவு பாரபட்சம், பகைமை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடை செய்கிறது. இந்தக் குற்றத்துக்குப் பத்து வருடம் வரை தண்டனை உண்டு, பிணையும் இலகுவில் கிடைக்காது. ‘தூண்டுதல்’ என்ற சொல்தான் அதன் உயிர். யாருடைய மனமாவது புண்பட்டது என்பது மட்டும் போதாது. நடைமுறையில் அந்த உயிரை எடுத்துவிட்டு உடலை மட்டும் பாவித்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார இதே சட்டத்தில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். அவரைக் குற்றஞ்சாட்டியவர்கள் பிக்குகள். நம்மில் எத்தனை பேர் அவருக்காகப் பேசினோம்? அடுத்த வருடம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். பிணை கிடைக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் சென்றது. 2023 டிசம்பரில் விடுதலையானார். தமிழ் கவிதையைச் சரியாக வாசிக்கத் தெரியாதவர்களின் கையில் அவரது இளமையில் மூன்றரை வருடம் போயிற்று.

நம் மார்க்கத்தை இழிவுபடுத்தியோரை நீதிமன்றம் தண்டிக்கும்போது நமக்கு மகிழ்ச்சி வருகிறது. எனக்கும் வரும், அது மனித இயல்பு. ஆனாலும் ‘புண்படுத்தினால் சிறை’ என்ற விதியை நாம் கேட்டு வாங்கினால், அதைக் கையில் எடுத்து நடத்தப்போவது யார் என்று யோசிக்க வேண்டும். பள்ளிவாசலை உடைக்கச் சொன்னவனையும் கடைக்குத் தீ வைக்க ஆள் திரட்டியவனையும் பிடிக்கச் சட்டம் வேண்டும். அளுத்கமையிலும் திகனயிலும் அது தூங்கிக்கொண்டிருந்தது. புண்பட்ட மனங்களுக்கான சட்டமோ எப்போதும் விழித்திருக்கிறது, சிறுபான்மையின் வாசலில் மட்டும்.

ஹசலக்க வழக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. அந்தத் தாய் உயர் நீதிமன்றம் சென்றார். 2023 நவம்பரில் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. அன்றைய பொலிஸ் பொறுப்பதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. அரச கருவூலத்திலிருந்தல்ல, சொந்தப் பணத்திலிருந்து. அடுத்த முறை ஒரு அதிகாரி யாருடைய துணியையாவது உற்றுப் பார்க்கும்போது இந்த வரி அவர் நினைவுக்கு வரக்கூடும்.

அந்த வழியில் போக வேண்டுமானால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுத் தாக்கல் செய்ய, மீறல் நடந்து ஒரு மாதம்தான் அவகாசம். நம்மவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு மாதத்தை ஊர்ப் பெரியவரிடமும், அரசியல்வாதியின் இணைப்பாளரிடமும் அலைந்தே கழித்துவிடுகிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் துரித இலக்கம் 1996. கைது செய்ய வருபவர் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 13(1). காரணத்தையும், அவரது பெயரையும், நேரத்தையும் வீட்டில் ஒருவர் தாளில் எழுதி வையுங்கள்.