சணலும் வெள்ளியும்

சாம்பல்தீவுக் களப்பின் ஓரத்தில் நின்று, தோணிக்காரர் நீரில் ஊன்றும் கோலைப் பார்த்திருப்பவர்க்கு ஒளிமுறிவைப் பள்ளியில் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல் நீர்மட்டத்தில் ஒடிந்தாற்போலத் தோன்றும். மீன் இருக்குமிடம் வேறு, தெரியுமிடம் வேறு. நீரின் முறிவுச் சுட்டி 1.33, கண்ணாடியினது ஏறத்தாழ 1.5. இயற்கை வகுத்த இவ்வெண்களை விரும்பியவாறு மாற்றவும், பூச்சியத்துக்குக் கீழே இறக்கவும் இயலுமோ? இயலும் என்கின்றனர் இன்றைய பௌதிக அறிஞர். பொருளை மாற்றியன்று, பொருளின் அமைப்பை மாற்றி. அவ்வாறு அமைக்கப்படுவனவற்றை மீப்பொருள்கள் எனலாம்.

இவ்வெண்ணத்தின் வேரைத் தேடுவோர் பெரும்பாலும் மேனாட்டிலேயே நின்றுவிடுகின்றனர். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜெகதீச சந்திர போஸ் 1898இல் இலண்டன் றோயல் கழக வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். முறுக்கிய சணற் கற்றையினூடே, ஒளியினும் பன்மடங்கு நீண்ட மின்னலைகளைச் செலுத்தி, அவற்றின் முனைவுத்தளம் திரும்புவதைக் காட்டினார். வலமுறுக்கு ஒரு பக்கம் திருப்பியது, இடமுறுக்கு மறுபக்கம். சமமாய்க் கலந்தபோது திருப்பமே இல்லை. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதை அறிந்த மாணவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும்: மூலக்கூற்றின் வேலையைச் சணற்புரி செய்தது. அவரே இரயில் கால அட்டவணை நூலொன்றின் தாள்களிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அதனை அலைகளை முனைவாக்கும் கருவியாக்கினார். கால அட்டவணைக்கு இதனினும் நற்பயன் எவர் கண்டார்!

முறிவுச் சுட்டி எதிர்மறையாயின் ஒளி மறுபக்கமாய் வளையும் என்று ருஷ்ய அறிஞர் வெசலாகோ 1967இல் எழுதினார். முப்பதாண்டுகள் அது ஏட்டிலே உறங்கிற்று. 1999இல் இங்கிலாந்தின் பெண்டிரி பிளவுற்ற உலோக வளையங்களால் வழி காட்டினார். 2001இல் அமெரிக்காவில் நுண்ணலைகளைக் கொண்டு சோதித்தும் பார்த்துவிட்டனர்.

உலோக அமைப்பினுள் ஒளி செல்லும் போக்கை முன்னறிவது எங்ஙனம்? ஒரு வழி, சராசரி காண்பது. தொலைவில் நிற்பவன் வலையின் கண்களை எண்ணுவதில்லை. ஒரே துணியாகவே காண்கிறான். அதுபோல, அலைநீளம் அமைப்பின் கண்களினும் மிகப் பெரிதாயின், முழுமைக்கும் ஒரே சுட்டி கூறிவிடலாம். உலோகத் துகள் கலந்த கண்ணாடியின் நிறத்தை மக்ஸ்வெல் கார்னெட் 1904இல் இவ்வகையிலேயே விளக்கினார். ஆனால் நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நனோமீற்றர் வரையே. கண்கள் நூறு நனோமீற்றரை எட்டுகையில் சராசரி தடுமாறுகிறது. அப்போது துணையாவது கேன் யீ 1966இல் வகுத்த முறை: வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாக வெட்டி, மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை அடியடியாய்க் கணித்துச் செல்வது. பொன்னிலும் வெள்ளியிலும் ஒளி சில பத்து நனோமீற்றர் ஆழத்திலேயே தேய்ந்துவிடுமாதலால், கட்டம் ஒரு நனோமீற்றர் அளவுக்குச் சிறுத்தாக வேண்டும். பக்கம் ஒரு மைக்கிரோமீற்றரேயான கனத்துக்குக் கட்டங்கள் 100 கோடி. கட்டத்துக்கு ஆறு எண்களாக, காலத்தின் ஒவ்வோர் அடியிலும் 600 கோடி எண்கள்!

எண்களின் பெருக்கமும் நம்மைக் காவாது, உலோகத்தின் உறிஞ்சலை மறந்தோமாயின். ஒளியால் அசையும் இலத்திரன்கள் அதன் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. எதிர்மறைச் சுட்டியுடைய தகடு குறையற்ற வில்லையாகும் என்று 2000இல் பெண்டிரி கணித்தது, உறிஞ்சலே இல்லாத பொருளுக்கு. 2005இல் பேர்க்லியில் வெள்ளிப்படலம் கொண்டு செய்த வில்லை, 365 நனோமீற்றர் ஒளியில் 60 நனோமீற்றர் நுட்பத்தையே காட்டிற்று. அலைநீளத்தில் ஆறிலொரு பங்கு; பெருஞ்சாதனைதான், குறையற்றதன்று. மாயப் போர்வை வந்துவிட்டதென 2006இல் முழங்கிய செய்தித்தாள்கள், அது நுண்ணலைக்கு மட்டுமே என்பதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டன. மாணவர் படிக்க வேண்டியது அச்சிறிய எழுத்தையே.

பின்னர்க் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராய் விளங்கிய எஸ். அனந்த ராமகிருஷ்ணா, பெண்டிரியுடன் சேர்ந்து 2003இல் இதற்கொரு பரிகாரம் கூறினார். தடித்த ஒரே வெள்ளித் தகட்டை மெல்லிய பல ஏடுகளாக்கி, இடையிடையே வேறு பொருளை வைத்தால் உறிஞ்சலின் தீங்கு குறையும் என்பது அது. உலோகம் ஓர் ஏடு, வேற்றுப்பொருள் ஓர் ஏடு என்னும் அவ்வடுக்கைப் படத்தில் பார்த்தபோது, எனக்குப் போஸின் இரயில் அட்டவணைதான் நினைவுக்கு வந்தது.